நாப்சேக்கு வாங்கப் போனோம்

கூலி வாங்கிக்கொண்டு சுமக்கிறவர்களைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். காசு கொடுத்துவிட்டுச் சுமக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. படிப்பு கண்ணைத் திறக்கும் என்று சொல்வார்களே, அது இதுதான் போலிருக்கிறது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில் நானுஓயாவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில், காம்பிரா என்ற ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயம் இருந்தது. அம்மா கொழுந்து பறித்தாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை கூடையின் கயிறு அவள் தலையிலும் கூடை முதுகிலும் இருக்கும். அப்பா மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தார். தேயிலை இலையில் கொப்புளம் போடும் நோய் ஒன்று வந்து துரைமாருடைய தூக்கத்தைக் கெடுத்திருந்த காலம் அது. நோய் வந்தது இலைக்கு என்பதால் மருந்தும் உடனே வந்து சேர்ந்தது. லயத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மருந்து இவ்வளவு அவசரப்படாது.

அந்த மருந்தைப் பித்தளை டேங்கில் ஊற்றி, இரண்டு தோளிலும் பட்டை மாட்டி, முதுகில் தூக்கிக்கொண்டு அப்பா மலை மலையாக ஏறி இறங்குவார். மருந்து நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். டேங்கு ஒழுகும். ஒழுகாத டேங்கு துரையின் கணக்கில் மட்டும்தான் இருந்தது. அதனால் அப்பாவின் சட்டைகள் எல்லாவற்றிலும் தோளில் ஆரம்பித்து முதுகில் இறங்கும் இரண்டு நீலப்பச்சைப் பட்டைகள் இருக்கும். லயத்துக் கொடியில் எத்தனை சட்டை காய்ந்தாலும் எங்கள் சட்டையை எடுக்க அம்மா யோசிக்கவே மாட்டாள்.

அந்த டேங்குக்குத் தோட்டத்தில் நாப்சேக்கு என்று பெயர். துரை அப்படிச் சொன்னார், துரைக்கு அடுத்த உத்தியோகத்தரான கண்டாக்கு ஐயா அப்படிச் சொன்னார், நாங்களும் அப்படியே சொன்னோம். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கக்கூடும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அப்பாவும் அம்மாவும் எல்லாவற்றுக்கும் சண்டை போடுவார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது. என் முதுகில் எதுவும் ஏறக்கூடாது. அதற்காகத்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடம் முடிந்ததும் என்னை நுவரெலியாவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். புத்தகப் பையைக்கூடத் தோளில் மாட்ட அப்பா விடமாட்டார். புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். "மொதுகு சும்மா இருக்கட்டும் புள்ள. அத நாங்க பாத்துக்கிறோம்" என்பார்.

இப்படிப்பட்ட வீட்டில் போய் நான் சொன்னேன், "அப்பா, மூணு நாளைக்கு ஹோட்டன் சமவெளிக்கு நடந்து போறோம். ஆளுக்கொரு நாப்சேக்கு கொண்டாரணுமாம்."

அப்பா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அங்க தேயிலையே கெடையாதே. எதுக்கு மருந்து?"

"காட்டுக்கு அடிப்பாங்களோ என்னமோ" என்றாள் அம்மா.

சிரிக்காதீர்கள். எனக்கும் அந்த ஒரு நாப்சேக்குதான் தெரியும். டிரில் டீச்சர் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னபோது மற்றப் பெண்கள் எல்லாம் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். கேட்டிருக்கலாம். கேட்டால் லயத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன், ஏதோ அதுவரை யாருக்கும் தெரியாதது மாதிரி. வழியில் குடிக்கத் தண்ணீர் நிரப்பிப் போவதற்காக இருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது நானே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதை அப்பாவிடம் சொன்னேன்.

"மருந்து ஊத்துன டேங்குல குடிதண்ணியா?" அப்பா எழுந்துவிட்டார். "நாளைக்கு நான் வர்றேன் ஒங்க பள்ளிக்கூடத்துக்கு."

வந்தார். ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு, கலியாணங்களுக்கு மட்டும் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். தலைமை ஆசிரியைக்கு ஆங்கிலம் நன்றாக வரும், தமிழ் வரவேண்டிய அளவுக்கு வராது. அப்பாவுக்குத் தமிழ் தேவைக்கு அதிகமாகவே வரும். நடுவில் மொழிபெயர்க்க நான்.

"எம்புள்ள மொதுகுல டேங்கு ஏத்துறதுக்கா இங்க அனுப்புனேன்? மருந்தடிக்க இந்த ஊர்ல வேற ஆளே இல்லயா? கேளு புள்ள, அப்பிடியே கேளு."

அப்பா எல்லாரையும் நலம் விசாரிக்கிறார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தலைமை ஆசிரியை மகிழ்ச்சி தெரிவித்தார். நலம் விசாரிக்கிறவர் எதற்கு மேசையில் விரலால் குத்துகிறார் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் டிரில் டீச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் தன்னுடைய நாப்சேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

காக்கித் துணியில் தைத்த ஒரு பை. இரண்டு தோள்பட்டை. டேங்கு இல்லை, குழாய் இல்லை, பம்ப் இல்லை.

அப்பா அதைத் திறந்தார், உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார்.

"மருந்து வாடை இல்லயே. இதுல என்னத்த ஊத்துவாங்க?"

"துணி, போர்வை, சாப்பாட்டுச் சாமான் வெக்கிறதாம்பா."

"எங்க கொண்டுபோயிக் குடுக்கணும்?"

"எங்கயும் குடுக்க வேணாம். நாங்களே சொமந்துகிட்டுப் போயி, திருப்பி நாங்களே கொண்டாந்துருவோம்."

அப்பா பையை மூடி வைத்தார். "அப்ப எதுக்குக் கொண்டுபோகணும்?"

இதை மட்டும் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன், ஏனென்றால் எனக்கும் பதில் வேண்டியிருந்தது. டிரில் டீச்சர் இயற்கை என்றார், ஒழுக்கம் என்றார், தன் சுமையைத் தானே சுமக்கும் பெருமை என்றார், உடம்புக்கும் உள்ளத்துக்கும் என்னென்னவோ நடக்கும் என்றார். நெடுநேரம் பேசினார். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"சும்மாதானாம்பா" என்றேன்.

"கூலி?"

"நாமதான் காசு கட்டணும்."

அப்பாவுக்குக் கோபம் போய் இரக்கம் வந்துவிட்டது. டிரில் டீச்சரை அவர் பார்த்த பார்வையில் அது தெரிந்தது. நல்ல குடும்பத்துப் பெண், இப்படி ஆகிவிட்டதே என்று. "காசு குடுத்து சொமக்கிறதா இருந்தா நம்ம தோட்டத்துக்கு வரச்சொல்லு புள்ள, காசில்லாமலே ஏற்பாடு பண்ணுவோம்" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. போவதில்லை என்றுதான் முடிந்திருக்கும். நான் அந்தப் பயணத்துக்காக ஏங்கிச் செத்துக்கொண்டிருந்தேன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. பஸ் போகிற ரோட்டுக்கு அப்பால் ஒரு மலைகூட ஏறியதில்லை நான். சுற்றிலும் மலை, எல்லாவற்றிலும் தேயிலை, எல்லாவற்றிலும் வேலை. வேலையே இல்லாத ஒரு மலையைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

என்னைக் காப்பாற்றியது தலைமை ஆசிரியைதான், அதுவும் தெரியாமல். உங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகளும் வருகிறாள், அவளுக்கு நேற்றே பை வாங்கிவிட்டார்களாம் என்றார்.

அப்பா எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "கணக்கப்புள்ள மகளும் சொமக்கிறாளா?"

"ஆமாப்பா."

"அவளே தூக்கிக்கிட்டுப் போவாளா? ஆள் வெச்சு இல்லயே?"

"அவளேதான்."

சுமப்பது அந்த நிமிஷத்தில் கௌரவமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மூவரும் நுவரெலியா கடைத்தெருவுக்குப் புறப்பட்டோம், நாப்சேக்கு வாங்க.

கடை முதலாளி எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய ஊர் இந்தியாவில், எங்களுடைய ஊரும் இந்தியாவில்தானாம், இரண்டையும் நான் பார்த்ததில்லை. வாங்க வாங்க என்று உள்ளே கூப்பிட்டு, எங்கள் துணிமணியைப் பார்த்ததும் பின்பக்கத்து மூலைக்குக் கூட்டிப்போனார். யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் விற்றுவிட்டுப் போன பைகள் அங்கே தொங்கின. முதலில் எடுத்த பை எனக்கு முழங்காலைத் தொட்டது. "வளர்ற புள்ளதானே" என்றார் முதலாளி. பைக்கேற்ப மனிதர்கள் வளர வேண்டும் என்பது அவருடைய வியாபாரக் கொள்கை.

அடுத்ததில் ஒரு ஓட்டை இருந்தது. "குண்டு பாஞ்ச பைம்மா. பர்மா வரைக்கும் போன சாமான்" என்று பெருமையாகச் சொன்னார். அம்மா கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"செத்தவன் பையா? எம்புள்ள தோள்ல மாட்டவா?"

"சேச்சே, குண்டு இல்லம்மா, எலி. எலி கடிச்சது."

"எலி கடிச்ச பைக்கு இந்த வெலயா?"

அந்த ஓட்டையை என்ன செய்வதென்று முதலாளிக்குத் தெரியவில்லை. பாவம், வாலிபர்களுக்குக் குண்டு என்று சொல்லி எத்தனை நாளாக வைத்திருந்தாரோ.

அப்பா மட்டும் விலை கேட்கவில்லை, ஓட்டை பார்க்கவில்லை. ஒரு நல்ல பையாகப் பார்த்து எடுத்து, "இதுல உருளக்கிழங்கு போட்டுக் குடுங்க" என்றார். போட்டார்கள். இன்னும் போடச் சொன்னார். பிறகு கறுப்புக் கோட்டின்மேலேயே அதை மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார், வலதுகையைப் பழக்கத்தில் பம்ப் அடிப்பதுபோல ஆட்டிக்கொண்டு. மரக்கறி வாங்க வந்த பங்களா சமையல்காரர்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். கிழங்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறானோ என்று முதலாளி பின்னாலேயே நடந்தார்.

திரும்பி வந்து தோளைத் தேய்த்துக்கொண்டார். "பட்ட மெல்லிசு. தோள அறுக்கும். பட்ட அகலமா இருக்கணும், பையோட மொதுகுப் பக்கம் பூரா ஓடித் தச்சிருக்கணும். சொமக்கிறப்ப கொஞ்சம் குனிஞ்சு நடக்கணும் புள்ள. நிமுந்தா பின்னால இழுத்துரும்."

அகலப் பட்டை வைத்த பையும் இருந்தது. அம்மா அதன் விலையைக் கேட்டாள். கேட்டதும் தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோலப் பையை மெதுவாகக் கீழே வைத்தாள். முதலாளி உருளைக்கிழங்கு வேண்டுமா என்று கேட்டார். கிழங்கு வாங்கிக்கொண்டு வந்தோம். நாப்சேக்கு வாங்கப் போய் இரண்டு நாள் கிழங்குக் கறி சாப்பிட்ட குடும்பம் எங்களுடையது.

பை வீட்டிலேயே பிறந்தது. கோதுமை மாவு வந்த துணிச் சாக்கு இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து அம்மா தைத்தாள். மாவு மில்லின் முத்திரை வெளிப்பக்கம் வராமல் திருப்பித் தைக்கச் சொல்லி அழுதேன். வராமல்தான் தைத்தாள், ஆனாலும் வெயிலில் பிடித்தால் சிவப்பாகத் தெரிந்தது. பட்டைக்குத்தான் வழியில்லை. சாக்குத் துணியில் பட்டை வைத்தால் பாதி வழியிலேயே கிழிந்துவிடும் என்றார் அப்பா. மறுநாள் வேலை முடிந்து வரும்போது கையில் இரண்டு பட்டைகளோடு வந்தார். கழித்துப்போட்ட டேங்கு ஒன்றிலிருந்து மருந்துக் கங்காணியிடம் கேட்டு அறுத்து வந்தது. தடித்த, அகலமான, இரும்புக் கொக்கி வைத்த பட்டை. அதை மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்தார், எலுமிச்சம்பழம் தேய்த்தார், வெயிலில் போட்டார், மறுபடி துவைத்தார். காய்ந்தபோது வெளுத்த சாம்பல் நிறமாக இருந்தது. பையின் முதுகுப் பக்கம் பூரா ஓடவிட்டு அம்மா அதைத் தைத்தாள்.

"போயிருச்சு பாத்தியா" என்றார். போகாத மருந்தை நாற்பது மலையில் அடித்தவர் சொல்கிறாரே என்று நம்பினோம்.

அம்மா மூட்டை கட்டிய அழகை லயமே வந்து பார்த்தது. எங்களை எந்த நாடு வைத்துக்கொள்வது என்று இரண்டு அரசாங்கமும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலம். யார் வீட்டிலாவது பை கட்டினால் எல்லாரும் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். "பாஸ்போட்டு வந்துருச்சா?" என்று பக்கத்துக் காம்பிராக்காரம்மா கண்ணீரோடு கேட்டாள். இல்லை, சும்மா நடந்துவிட்டு வரப் போகிறாள் என்றாள் அம்மா. அந்தம்மா நம்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு போத்தல் ஊறுகாயும் கொடுத்துவிட்டுப் போனாள்.

பள்ளிக்கூடத்தின் மானம் காப்பாற்றப்பட வேண்டும் என்பதால் வெள்ளைக் கவுன் யூனிபாரத்திலேயே மலையேற வேண்டும் என்று உத்தரவு. பட்டிப்பொல ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். கணக்கப்பிள்ளை மகளுடைய பை கண்டியில் வாங்கியது, எங்கே தொட்டாலும் ஒரு பக்கிள். இது நீதிக்கதையாக இருந்தால் அந்தப் பை வழியில் அறுந்து, என் மாவுச் சாக்கு அவளையும் காப்பாற்றியிருக்கும். அறுந்துபோகவே இல்லை. கடைசிவரை அவளுக்குச் சௌகரியமாகவே இருந்தது. நல்ல பை நல்ல பைதான், அதில் என்ன சந்தேகம்.

என் பையும் சும்மா சொல்லக்கூடாது. அப்பா சொன்னபடி பட்டை தோளை அறுக்கவில்லை. கொஞ்சம் குனிந்து நடந்தேன். முதல்நாள் மேலே ஏறி அந்தப் புல்வெளியில் நின்றபோது கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு தேயிலைச் செடிகூட இல்லை. யாரும் யாரையும் ஏசவில்லை, யாரும் பேர் போடவில்லை. நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் இருந்ததில்லை. இதில் கிண்டல் எதுவும் கிடையாது, நிஜமாகத்தான் சொல்கிறேன். அடுத்தநாள் உலக முடிவு என்கிற பாதாளப் பள்ளத்தைக் காட்டக் கூட்டிப்போனார்கள். அங்கே மூடுபனிதான் தெரிந்தது. அதைப் பார்க்க எங்கள் லயத்து வாசலே போதும். பிறகு மழை பிடித்துக்கொண்டது. அன்று முழுக்க நனைந்தோம், மறுநாள் ஓஹியாவுக்கு இறங்கும்வரை நனைந்தோம்.

நானுஓயா ஸ்டேஷனில் அப்பா காத்திருந்தார். ரயிலிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக என் முதுகிலிருந்து பையை இறக்கினார். இறக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என் கவுனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோளிலிருந்து முதுகில் இரண்டு பட்டை. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. கொடியில் அம்மா யோசிக்காமல் எடுப்பாளே, அதே மாதிரி.

பையை அப்பாவே வீடுவரை தூக்கி வந்தார். வந்ததும் கவுனைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு பீலிக்குப் போனார். அந்தப் பட்டையைத் தவிர வேறெதையும் அப்பா துவைத்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் வாளியோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். சவுக்காரம் கரைந்தது, எலுமிச்சம்பழம் தீர்ந்தது, கவுனில் துணிதான் மெலிந்தது. "விடுங்க, கிழிஞ்சிரும்" என்று அம்மா போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை அதே கவுனைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் புறப்பட்டேன். வேறு கவுன் இல்லை. மேலே ஸ்வெட்டர் போட்டு மறைத்திருக்கலாமே என்று கேட்கிறவர்கள் ஸ்வெட்டர் வைத்திருந்தவர்கள். தோளிலிருந்து முன்பக்கம் இறங்கிய கறையைப் புத்தகங்களை அணைத்துப் பிடித்து மறைத்துக்கொண்டேன். பின்பக்கத்துக்கு வழியில்லை.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அப்பா போவதும் நான் பஸ்ஸுக்கு இறங்குவதும் ஒரே நேரம். எப்போதும் அவர் முன்னால் போவார், நான் பின்னால் ஓடுவேன். அன்று "நீ முன்னால போ" என்றார். நான் நடந்தேன். பெரட்டுக்களம் வந்தது. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், எல்லாரும் வரிசையாக நின்றார்கள், ரோட்டுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு. அங்கே அப்பா களத்துக்குள் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. அவருடைய பேரைக் கூப்பிட்டது எனக்கே கேட்டது. பதில் சொல்லாமல் என் பின்னாலேயே வந்தார், என் முதுகை ஒட்டினாற்போல, மழையில்லாத காலையில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, யார் கண்ணிலும் என் முதுகு படக்கூடாதென்று வருகிறார். எனக்கு அழுகை வந்தது. மலையேறும்போது வராத அழுகை. முகத்தை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"குனியாத புள்ள" என்றார் அப்பா பின்னாலிருந்து. "மொதுகுலதான் ஒன்னும் இல்லயே. நிமுந்து நட."